எமா டெஸ்டினோவா: நீங்கள் அவரைச் சந்தித்தது எங்கே? (அனுபவப் பகிர்வு)

இசைத்தட்டு ரசிகை:

செக் நாட்டு சோப்ரானோ (உச்சப் பெண் குரல்) ஓபரா பாடகி எமா டெஸ்டினோவா இறந்தது 1930 ஜனவரி 28. அவரை மேடையில் கேட்டவர்கள் யாரும் இன்று இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவரைச் சந்திக்க வேறு வழிகள் இருக்கின்றன. உங்களுக்கு எப்படி அறிமுகமானார் என்று எழுதுங்கள். முதலில் நான் தொடங்குகிறேன்.

எனக்கு அவர் அறிமுகமானது பணத்தாளில். பிராகில் பணம் மாற்றியபோது கைக்கு வந்த பச்சை நிற 2000 கொருனா நோட்டில் அவர் முகம் இருந்தது. பின்பக்கம் இசைத் தேவதை யூட்டர்பி. நாட்டின் பணத்தில் ஓர் ஓபரா பாடகியைப் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மாலையே விஷெஹ்ராத் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். செக் இசையமைப்பாளர்கள் ஸ்மெதனாவும் த்வோர்ஷாக்கும் உறங்கும் அதே இடத்தில், ஸ்லாவின் என்ற பொதுச் சமாதியில் அவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் உட்கார்ந்து அவர் பாடிய வேடங்களின் பட்டியலைத் தேடிப் படித்தேன். நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான். தேசபக்தர், வெர்தியின் 'ஐடா' ஓபராவின் நாயகியாகப் புகழ் பெற்றவர், வாக்னர் பாடகி என்றெல்லாம் அவரைச் சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரைப் பெரியவராக்கியது வேறொன்று என்பது என் எண்ணம்: தன் காலத்தில் உயிரோடிருந்த இசையமைப்பாளர்களின் புத்தம்புது ஓபராக்களைத் துணிந்து பாடியது.

1878-இல் பிராகில் பிறந்தவர். குடும்பப் பெயர் கிட்டல். பாட்டு சொல்லிக்கொடுத்த மரீ லோவே-டெஸ்டினின் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். 1898-இல், இருபது வயதில், பெர்லினில் 'கவல்லேரியா ருஸ்திகானா'வின் சாந்துஸ்ஸாவாக அறிமுகம். அந்த ஓபராவுக்கே அப்போது எட்டு வயதுதான். 1901-இல் வாக்னர் ஓபராக்களுக்கான பைரோய்த் விழாவில் 'பறக்கும் டச்சுக்காரன்' முதன்முறையாக அரங்கேறியபோது சென்டா வேடம் இவருக்கு. 1905-இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை' முதன்முதலாக வந்தபோது பட்டர்ஃபிளை இவர், அவள் கணவன் பிங்கர்ட்டனாகப் புகழ்பெற்ற டெனர் (உயர்ந்த ஆண் குரல்) கரூஸோ. 1906-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே'. ஜெர்மன் பேரரசர் கைசரின் அரசவை அரங்கில், யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கும் பெண்ணின் இந்தக் கதையை எப்படிப் போடுவது என்று தயங்கி, கடைசியில் வானத்தில் பெத்லகேம் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்ற ஏற்பாட்டோடு அனுமதித்தார்கள். அந்த மேடையில் சலோமேயாக நின்றவர் இந்த பிராக் பெண்தான். அடுத்த ஆண்டு பாரிஸிலும் ஸ்ட்ராஸே இசைக்குழுவை நடத்த, அதே வேடத்தைப் பாடினார்.

சலோமேயின் கடைசிக் காட்சியைப் பாடிய தொண்டை, பட்டர்ஃபிளைக்கு வேண்டிய மென்மையையும் காப்பாற்றி வைத்திருந்தது. எனக்கு இன்றும் பிரமிப்பாக இருப்பது அதுதான்.

தெற்கு பொஹீமியா வாசி:

அக்கா, நல்ல பதிவு. நான் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து தங்கியவன். ஸ்ட்ராஷ் நாத் நெஷார்கோ என்ற சிற்றூருக்கு நண்பர்களோடு போயிருந்தேன். அங்கே உள்ள கோட்டை மாளிகையை எமா 1914-இல் வாங்கினார். இப்போது அவர் நினைவாக அங்கே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. பக்கத்திலேயே நெஷார்கா ஆறு ஓடுகிறது. அவருக்கு மீன்பிடிப்பதில் பெரிய ஆசை. நெப்போலியன் காலத்துப் பொருள்களைச் சேர்ப்பதிலும் ஆசை. கவிதை, நாவல் எல்லாம் எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு அந்த மாளிகையைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. 1916-இல் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பினார். செக் விடுதலை இயக்கத்தோடு தொடர்பு என்று ஆஸ்திரிய அரசு அவரது பாஸ்போர்ட்டைப் பறித்து, தன் சொந்த வீட்டிலேயே காவலில் வைத்தது. அவருக்கு நெருக்கமாயிருந்த பிரெஞ்சு பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) பாடகர் தீன் ஜில்லியும் எதிரி நாட்டவர் என்று போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்டார். ஒரு சோப்ரானோவுக்கு முப்பத்தெட்டு வயதிலிருந்து நாற்பது வரை என்பது குரல் முழுதாகப் பழுத்திருக்கும் காலம். அந்த வருஷங்களை நியூயார்க்கும் லண்டனும் இழந்தன.

போர் முடிந்ததும் எம்மி டெஸ்டின் என்ற ஜெர்மன் சாயல் பெயரை விட்டு, எமா டெஸ்டினோவா என்ற செக் பெயரோடு 1919-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்குக்குத் திரும்பினார். அங்கே பழைய இடம் கிடைக்கவில்லை. அதற்குள் வேறு குரல்கள் வந்துவிட்டன. சில பருவங்களோடு அது முடிந்தது. கடைசியில், மாளிகையிலிருந்து அதிக தூரமில்லாத செஸ்கே புதயோவிட்சேயில் உயிர் பிரிந்தது. வயது 51.

பழைய தட்டு:

நான் அவரைச் சந்தித்தது காதால் மட்டும். முதல்முறை கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் தட்டுகள் பெரும்பாலும் மைக்ரோபோன் வருவதற்கு முந்தைய காலத்தவை. பாடுபவர் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். அந்த ஒலி அழுத்தமே ஊசியை நகர்த்தி மெழுகில் கோடு போடும். உச்ச சுரம் வரும்போது பாடகி ஒரு அடி பின்வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு சிதறிவிடும். சோப்ரானோ குரலுக்கு ஜொலிப்புத் தருகிற மேல் அதிர்வுகள் அந்தப் புனலில் ஏறவே ஏறாது. நாம் கேட்பது அந்தக் குரலின் எலும்புக்கூடு. அப்படியும் இவ்வளவு அழகு!

இன்னொன்று, வேகம். 78 என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத் தட்டுகள் பல வேகங்களில் பதிவானவை. 74-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். குரல் மெலிந்து, அவசரப்படுவதுபோல் கேட்கும். த்வோர்ஷாக்கின் 'ருசால்கா' ஓபராவில் நீர்த்தேவதை நிலாவைப் பார்த்துப் பாடும் பாட்டை அவர் குரலில் கேட்கப்போகிறவர்கள் முதலில் சுருதியைச் சரிபாருங்கள். அது ஜி-ஃபிளாட் மேஜர். அதற்கு மேலே ஒலித்தால் வேகம் தப்பு. நான் சரியான வேகத்தில் கேட்ட அன்று, நடுக்குரலின் அடர்த்தி முழுதாக வெளியே வந்தது. நீர்த்தேவதை ஏங்குகிறாள் என்பதை விட, ஒரு முழு வளர்ச்சி அடைந்த பெண் கேட்கிறாள், பதில் வேண்டும் என்று கேட்கிறாள் என்று தோன்றும்.

கரூஸோவோடு 1914-இல் பாடிய ஜோடிப் பாட்டும் கட்டாயம் கேட்க வேண்டியது. வெர்தியோ புச்சினியோ இல்லை. பிரேசில்காரர் கார்லோஸ் கோமேஸின் 'இல் குவரானி'. இருவரும் ஒருவரையொருவர் முந்தாமல் பாடுவதைக் கவனியுங்கள்.

திரை அரங்கு:

எனக்கு நேரடியாக அல்ல, அவர் மாணவி வழியாக. யார்மிலா நோவோத்னா. 1948-இல் வந்த ஃப்ரெட் ஸின்னமனின் 'தி சர்ச்' படத்தில் போரில் மகனைத் தொலைத்துத் தேடும் செக் தாயாக நடித்தவர். பாட்டுக்காக அல்லாமல் முகத்துக்காகவே நான் அந்தப் படத்தை ரசித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் 1925-இல் பிராக் தேசிய அரங்கில் அறிமுகமான சோப்ரானோ என்றும், டெஸ்டினோவாவிடம் பாட்டுக் கற்றவர் என்றும். 1940-இல் மெட்ரோபாலிடனில் புச்சினியின் 'லா போஹேம்' நாயகி மிமியாக நுழைந்தார். பிறகு கெருபினோ, ஆக்டேவியன் போன்ற ஆண் வேடங்களிலும் பேர் வாங்கினார். நாஜிகள் அழித்த லிதிசே கிராமத்தின் நினைவாக, செக்கோஸ்லோவாக்கிய வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் பியானோ வாசிக்க, செக் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தார். அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. நாட்டுப்பாடலை ஓபரா மாதிரி ஊதிப் பெரிதாக்கவில்லை, சாதாரணமாகப் பாடியிருக்கிறார்.

இசைத்தட்டு ரசிகை:

பழைய தட்டு அண்ணா, சுருதி விஷயத்துக்கு நன்றி. தெற்கு பொஹீமியா தம்பி, அந்த மாளிகைக்கு நானும் போக வேண்டும்.

நியூயார்க் காலத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1908 நவம்பர் 16, மெட்ரோபாலிடனின் பருவத் தொடக்க நாள். ஐடா. கரூஸோ கூட இருந்தார். இசைக்குழு நடத்துநர் தோஸ்கனினிக்கும் அந்த அரங்கில் அதுதான் முதல் நாள். அடுத்த வாரமே டால்பெரின் 'டீஃப்லான்ட்', 1909 தொடக்கத்தில் கட்டலானியின் 'லா வல்லி', பிப்ரவரியில் மாஹ்லர் நடத்திய ஸ்மெதனாவின் 'விற்கப்பட்ட மணமகள்', 1910-இல் சாய்கோவ்ஸ்கியின் 'சீட்டு ராணி'. எல்லாமே அந்த அரங்குக்குப் புதியவை. இத்தாலியன், ஜெர்மன் என இரண்டு மொழிகளில், இரண்டே பருவங்களுக்குள். இன்றைய நட்சத்திரங்கள் ஆறு வேடங்களை வைத்துக்கொண்டு உலகைச் சுற்றுவதைப் பார்க்கும்போது இது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அதே 1910 டிசம்பர் 10-ஆம் தேதி புச்சினியின் 'லா ஃபன்சியுல்லா தெல் வெஸ்ட்' உலகிலேயே முதன்முறையாக அரங்கேறியது. புச்சினி அரங்கிலேயே இருந்தார். மின்னி வேடம் எமாவுக்கு. கலிஃபோர்னியா தங்கச் சுரங்க முகாமில் மதுக்கடை நடத்தும் பெண். காதலன் உயிரைப் பணயம் வைத்து ஷெரிஃபோடு சீட்டாடி, ஏமாற்றி ஜெயிக்கிற காட்சியில் ஏறக்குறைய பேச்சுக்கு அருகிலேயே பாட வேண்டும். பின்னால் இருப்பதோ பெரிய இசைக்குழு. குரலுக்குக் கனமும் வேண்டும், உச்சத்தில் கூர்மையும் வேண்டும். இன்றும் பல சோப்ரானோக்கள் யோசித்துத்தான் இந்த வேடத்தை எடுக்கிறார்கள். அவர் அதில் ஒரு வரியைக்கூடத் தட்டில் பதியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பெர்லினில் 1908-இல் டெனர் கார்ல் யோர்னோடு ஜெர்மன் மொழியில் முழு 'கார்மென்' பதிவு செய்திருக்கிறாரே, சோப்ரானோ குரலில் கார்மென். அதைத் தொடக்கம் முதல் கடைசி வரை கேட்டவர் யாராவது இருந்தால், அடுத்த பதிவு உங்களுடையதாக இருக்கட்டும். கார்மெனின் புகழ்பெற்ற 'ஹபனேரா' பாட்டை எந்த வேகத்தில் எடுக்கிறார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.