சென்ட் அடித்தால் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்?

குலசேகரத்துக்காரன்:
எங்கள் வீட்டில் ஒட்டுப்பால், அதாவது ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால், சேர்த்து வைக்கும் அறைக்கு அடுத்த அறையில்தான் என் துணிமணி எல்லாம். அந்த நாற்றம் ரப்பர் தோட்டம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. அதனால் நாகர்கோவிலுக்கு வேலைக்குக் கிளம்பும்போது நன்றாகச் சென்ட் அடித்துக்கொள்வேன், சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஊத், அகில் கட்டை வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் உடனே ஷட்டரைத் தூக்குகிறார், ஆபீசில் "என்னடே, பெண்ணு பாக்கவா போற?" என்கிறார்கள். நாற்றம் போகத்தானே அடிக்கிறேன்? நீங்களெல்லாம் எதற்கு அடிக்கிறீர்கள்?

தக்கலை பாய்:
தம்பி, ஒரே மணம் மூக்கிலேயே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. மணம் போய்விட்டது என்று நினைத்து நீ இன்னும் இரண்டு அமுக்கு அமுக்குவாய், பக்கத்து சீட்டுக்காரருக்கோ அது மொத்தமும் புதுசு. அதிலும் ஊத் லேசில் போகாது. வெள்ளிக்கிழமை குளித்து, அத்தர் தடவி ஜும்ஆவுக்குப் போவது எங்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம், அங்கே யாரும் யாரையும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. ஆனால் தடவுவது ஒரு துளி. ஸ்பிரேயில் பெரும்பங்கு ஆல்கஹால், அடித்ததும் பறந்து நாலு பேர் மூக்கில் ஏறும். எண்ணெய் அத்தர் மெதுவாகத்தான் மணக்கும்.

மார்த்தாண்டம் டீச்சர்:
ஷட்டரைத் தூக்கியவர் மேல் கோபப்படாதீர்கள், அவருக்கு என்னைப் போல ஒற்றைத் தலைவலி இருக்கலாம். மழை நாளில் ஷட்டரெல்லாம் இறக்கிவிட்ட பஸ்ஸில் கனமான சென்ட்டோடு ஒருவர் ஏறினால், தக்கலை வருவதற்குள் எனக்கு ஒரு பக்க மண்டை தெறிக்க ஆரம்பித்துவிடும். பிச்சிப்பூ வாசத்துக்கும் சில நாள் இப்படித்தான், ஆனால் பூ வைத்தவரை யார் குறை சொல்வார்கள்!

நாஞ்சில் பொண்ணு:
அண்ணா, உங்களுக்காவது கேலியோடு முடிகிறது. நாங்கள் அடித்தால் "யாருக்காக?" என்று வீட்டிலேயே விசாரணை. எனக்காகத்தான் அடிக்கிறேன், காலையில் அந்த மணம் இருந்தால் வேலைக்குப் போகவே ஒரு தெம்பு வருகிறது என்றால் ஒருவரும் நம்புவதில்லை. அப்புறம் ஒன்று, ஒட்டுப்பால் நாற்றத்துக்கு மேல் ஊத் ஏறினால் நாற்றம் போகாது, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், பஸ்ஸில் அவர் முகர்ந்தது அதுவாகக்கூட இருக்கலாம். ஒட்டுப்பாலில் பாக்டீரியா வேலை செய்வதால் வரும் நாற்றம் அது, பக்கத்தில் கிடக்கிற துணி பிடித்துக்கொள்ளும். முதலில் சட்டைகளை மூடி இறுக்கமான டிரங்குப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

குலசேகரத்துக்காரன்:
பெட்டி மச்சில் கிடக்கிறது, இறக்குகிறேன். பாய், அத்தர் பார்த்து வாங்குவது எப்படி?

தக்கலை பாய்:
புறங்கையில் ஒரு துளி தடவிவிட்டு வெளியே போய் ஒரு சாயா குடி. திரும்பி வரும்போதும் அந்த மணம் உனக்குப் பிடித்திருந்தால் வாங்கு. குப்பியைத் திறந்ததும் வருகிற மணத்தை நம்பிக் காசு கொடுக்காதே.