சாட்ஸ்வொர்த் வீட்டை விற்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய வீட்டை விற்ற அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா இப்போது எங்களோடு இருப்பதால் சாட்ஸ்வொர்த் வீடு பூட்டிக் கிடக்கிறது, பின்னால் அப்பா கட்டிய அறையில் மட்டும் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார், நல்ல மனிதர், மாதம் தவறாமல் தருகிறார்.

வாங்க வந்தவர் வங்கிக் கடனில் வாங்குவதால் மாநகராட்சி அனுமதித்த பிளான் கேட்கிறார். பிளானில் அந்தப் பின்னறை இல்லை! ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிவிட்டால் போதும் என்கிறார் ஏஜென்ட். எனக்கு மனம் ஒப்பவில்லை, தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்து விற்றால் அந்த வாசகம் நம்மைக் காப்பாற்றாது.

2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ராண்ட் வரை பத்திர மாற்று வரி இல்லை, அது வாங்குபவருக்கு லாபம். மின் இணைப்பு பாதுகாப்பாக இருக்கிறது என்ற சான்றிதழ், மாநகராட்சிப் பாக்கி இரண்டும் எங்கள் செலவு, அது சரி.

பின்னறைக்கு இப்போது பிளான் போட்டு அனுமதி வாங்கிவிட்டு விற்பதா, விலையைக் குறைத்து அப்படியே கொடுப்பதா? உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது, பிளான் வரைந்தவர் எவ்வளவு கேட்டார்? அப்புறம், வாடகை ஒப்பந்தம் முடியும்வரை புது உரிமையாளரும் பின்னறையில் குடியிருப்பவரை வைத்திருக்க வேண்டும், இதை வாங்குபவரிடம் எப்படிப் பேசினீர்கள்?