லேப்டாப் டைப்-சி சார்ஜ் ஏறல, கிருஷ்ணகிரி பக்கம் மதர்போர்டு ரிப்பேர் வேலை தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, தங்கச்சி பர்கூர்ல இன்ஜினியரிங் படிக்குது, அவளோட லேப்டாப்ல டைப்-சி ஒரே ஒரு போர்ட் தான், வேற சார்ஜிங் பின் கிடையாது. இப்ப சொருகினா லைட் ஒரு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சிடுது. அதே 65 வாட் சார்ஜர், அதே கேபிள், ஃப்ரெண்டோட லேப்டாப்ல சூப்பரா ஏறுது, அதனால சந்தேகம் அது மேல இல்ல. ஷட்டவுன் பண்ணி பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கி பாத்தாச்சு, பயாஸ் அப்டேட்டும் போட்டாச்சு, ம்ஹூம்.

வோல்டேஜ் காட்டுற யூஎஸ்பி மீட்டர் வாங்கி நடுவுல போட்டு பாத்தேன், 5 வோல்ட்லயே நிக்குது, சார்ஜ் ஏற வேண்டிய 20-க்கு போகவே மாட்டேங்குது. ஆனா கேபிளை தலைகீழா திருப்பி சொருகினா சில நேரம் 20 வோல்ட் வந்து சார்ஜ் ஏறுது!! இத பாத்தா எனக்கு போர்ட் உள்ள ஒரு பக்க சிசி பின் (சார்ஜரும் லேப்டாப்பும் எத்தனை வோல்ட்னு பேசிக்கிற பின்) தான் போயிருக்கும்னு தோணுது, பிடி சிப் (போர்டுல அந்த வோல்டேஜ் பேச்சை கவனிக்கிற சிப்) போயிருந்தா எந்தப் பக்கம் போட்டாலும் வரக்கூடாதுல்ல? ரவுண்டானா கிட்ட ஒரு கடைல காட்டினா கழட்டி கூட பாக்காம மதர்போர்டே மாத்தணும்ங்கிறாரு, அந்த காசுக்கு பழைய லேப்டாப்பே வாங்கிடலாம் போல.

போர்ட் மட்டும் மாத்தினா போதுமா? கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரில மைக்ரோஸ்கோப் வச்சு சால்டரிங் பண்றவங்க யாராச்சும் தெரியுமா, இல்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற பெங்களூர் எஸ்பி ரோடு தான் போகணுமா? சுமாரா எவ்ளோ ஆகும்னும் சொல்லுங்க, அடுத்த வாரம் அவளுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ வேற இருக்கு.