நையாண்டி மேளம் ரெக்கார்டிங், கூடவே ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி: எந்த ஹார்ட் டிஸ்க் வாங்குறது?

உசிலை_ஒலி:
வணக்கம். உசிலம்பட்டியில சின்னதா ஒரு ரூம் போட்டு ரெக்கார்டிங் பண்றேன். பெரும்பாலும் நையாண்டி மேள செட்டு வரும். நாதஸ்வரம் ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, தமுக்கு, தாளம். சில நேரம் உறுமி செட்டு. எட்டு சேனல் இன்டர்ஃபேஸ், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் க்யூபேஸ், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட். திருவிழா சீசன்ல சாமி பாட்டு ஆல்பம் பிடிப்போம், அதுக்கு மட்டும் கான்டாக்ட்ல (முன்னாடியே பதிவு பண்ணி வச்ச வாத்திய சத்தத்தை வாசிக்கிற சாஃப்ட்வேர், அந்தச் சத்தத் தொகுப்புதான் லைப்ரரி) ஸ்ட்ரிங்ஸ், கொயர் போடுவேன்.

கம்ப்யூட்டர் ஐ5, 16 ஜிபி ராம். விண்டோஸும் க்யூபேஸும் 240 ஜிபி எஸ்எஸ்டியில இருக்கு. மத்த எல்லாமே பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்லதான்: லைப்ரரி 180 ஜிபி சொச்சம், மிச்சம் பூரா ரெக்கார்டிங். கிட்டத்தட்ட நெறைஞ்சிருச்சு.

பிரச்சனை என்னன்னா, ஸ்ட்ரிங்ஸ் நாலு ட்ராக் போட்டாலே சத்தம் படபடன்னு பொரியுது, டிஸ்க் மீட்டர் செவப்புக்குப் போயிருது. மேளம் மட்டும் இருக்குற ப்ராஜெக்ட் ஒழுங்கா ஓடும், ஆனா இப்ப ஒரு வாரமா அதுலயும் திடீர்னு நின்னு நின்னு போகுது.

கையில எட்டாயிரம் இருக்கு. மதுரை டவுன்ஹால் ரோட்டுல கேட்டா, கேமராவுக்குப் போடுற சர்வைலன்ஸ் டிஸ்க்கை எடுங்க, 24 மணி நேரமும் ஓடும், உழைக்கும்ங்கிறாங்க. இன்னொருத்தர் ரீஃபர்பிஷ்டு 4 டிபி பாதி விலைக்குத் தர்றேங்கிறார். 7200 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு 7200 சுத்து) டிஸ்க் எடுத்தா பொரியுறது நிக்குமா? எதை வாங்க?

கோரிப்பாளையம்_கீபோர்டு:
எஸ்எஸ்டி வாங்குங்க ப்ரோ, எல்லாம் சரியாயிரும். ஹார்ட் டிஸ்க் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு.

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற சாஃப்ட்வேரை இறக்கி அந்தப் பழைய டிஸ்க்கைப் பாருங்க தம்பி. இலவசம்தான். நீங்க சொல்றது ரெண்டு தனித்தனி வியாதி மாதிரி தெரியுது. ஸ்ட்ரிங்ஸ் பொரியுறது ஒண்ணு, மேளம் நின்னு நின்னு போறது வேற ஒண்ணு. மேல நீலமா மஞ்சளான்னு பாருங்க. அப்புறம் 05, சி5, சி6, சி7 இந்த நாலு வரிசையில கடைசிக் கட்டத்துல இருக்குற எண்ணை இங்க போடுங்க.

உசிலை_ஒலி:
பாத்தேன்க்கா. மஞ்சள் கலர்ல 'காஷன்'னு காட்டுது. 05ல எல்லாம் பூஜ்யம். சி5ல கடைசியில 18. சி6ல 2. சி7 பூஜ்யம். 18தான, ரொம்ப இல்லல்ல?

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
சி5ல இருக்குறது 18 இல்ல, 24. அந்த சாஃப்ட்வேர் எண்ணைப் பதினாறு அடிமானத்துல காட்டும். ஃபங்ஷன் மெனுவுல அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதுல ரா வேல்யூஸ்னு இருக்கும், பத்து அடிமானத்துக்கு மாத்திக்கலாம்.

24 இடத்தை டிஸ்க்கால படிக்க முடியாம, அப்புறம் பாத்துக்கலாம்னு குறிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். அந்த இடம் வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கும், அதான் மேளம் நடுவுல நிக்குது. சி7 கேபிள் வழியா வர்ற தப்பை எண்ணுறது, அது பூஜ்யம்ங்கிறதால கேபிள் மேல பழி போட வழியில்ல.

இன்னைக்கே செய்ய வேண்டியது: ரெக்கார்டிங் ஃபோல்டரை மட்டும் வேற எங்கயாவது காப்பி பண்ணுங்க. யார்கிட்டயாவது போர்ட்டபிள் இரவல் வாங்கியாவது பண்ணுங்க. லைப்ரரியை விட்டுருங்க, காசு கொடுத்து வாங்கினதை மறுபடி டவுன்லோடு பண்ணிக்கலாம். செத்துப்போன கலைஞரோட நாதஸ்வரத்தை மறுபடி வாசிக்கச் சொல்ல முடியாது. டிஃப்ராக் போடாதீங்க, செக்டிஸ்க் போடாதீங்க, அதுல புதுசா எதையும் எழுதாதீங்க.

ஸ்க்ரூடிரைவர்:
அக்கா சொன்னதுதான். காப்பி பண்ணும்போது டெராகாப்பி மாதிரி ஒண்ணைப் போட்டுக்கங்க தம்பி. படிக்க முடியாத ஃபைலைத் தாண்டி அடுத்ததுக்குப் போகும், கடைசியில எதெது வரலைன்னு லிஸ்டும் கொடுக்கும். விண்டோஸ் காப்பி ஒரு ஃபைல்ல மாட்டிக்கிட்டு அங்கேயே முக்கிக்கிட்டு நிக்கும். நடுவுல டிஸ்க்கு 'டக் டக்'குனு அடிச்சா உடனே ஆஃப் பண்ணிருங்க.

அப்புறம் கடைக்காரர் சொன்ன சர்வைலன்ஸ் டிஸ்க். அது மோசமான சரக்கு இல்ல, ஆனா உங்க வேலைக்கு அதுல தனி லாபம் ஒண்ணும் கிடையாது. பல கேமரா ஒரே நேரத்துல எழுதுறதுக்குத் தோதா செஞ்சது. அதோட விசேஷ வித்தையெல்லாம் கேமராவைப் பதிவு பண்ற டிவிஆர் பெட்டி கேட்டாத்தான் வேலை செய்யும், விண்டோஸ் அதைக் கேக்காது. நம்ம மிஷின்ல மாட்டினா சாதாரண டிஸ்க் மாதிரிதான் ஓடும். கடையில ஸ்டாக் எது இருக்கோ அதைச் சொல்றது சகஜந்தான.

ரீஃபர்பிஷ்டுக்கு நான் கை வைக்க மாட்டேன். எத்தனை மணி நேரம் ஓடினதுன்னு காட்டுற கணக்கையே அழிச்சு விக்கிறது உண்டு. வாரண்டியும் கடைக்காரர் வாய்ச்சொல்தான்.

உசிலை_ஒலி:
காப்பி ஓடிக்கிட்டு இருக்குண்ணே, மச்சான் போர்ட்டபிளை வாங்கிட்டு வந்துட்டேன். சரி, இப்ப என்ன வாங்குறது? 7200 எடுத்தா ஸ்ட்ரிங்ஸ் சரியாகுமா?

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
ஆகாது. கணக்கைப் பாருங்க.

48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்னா ஒரு மைக்குக்கு ஒரு செகண்டுக்கு 1,44,000 பைட். எட்டு மைக்கும் சேத்து 1.15 எம்பிதான். 5400 சுத்துற சாதா டிஸ்க்கே செகண்டுக்கு 100 எம்பி அளவுக்கு எழுதும். அதனால மேளம் ரெக்கார்ட் பண்ண டிஸ்க் வேகம் ஒரு பொருட்டே இல்ல. உங்க எட்டு சேனல் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபி சொச்சம் வரும். 1 டிபியில 240 மணி நேரம் அடங்கும். 4 டிபி ஆசையை விட்டுருங்க.

ஸ்ட்ரிங்ஸ் கதை வேற. கான்டாக்ட் ஒவ்வொரு ஸ்வரத்தோட ஆரம்பத்தையும் மட்டும் ராம்ல வச்சுக்கும், மிச்சத்தை நீங்க வாசிக்க வாசிக்க டிஸ்க்லருந்து எடுக்கும். ஒரு கார்டு பிடிச்சா, அதுல நாலு ஸ்வரம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு மைக் பொசிஷன், அப்படி நாலு ட்ராக். ஒரே நேரத்துல நாப்பது ஐம்பது இடத்துல இருந்து துண்டு துண்டாப் படிக்கணும். ஹார்ட் டிஸ்க்ல ஊசி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போக 10 மில்லிசெகண்ட் கிட்ட ஆகும். அப்படின்னா செகண்டுக்கு நூறு இடந்தான் போக முடியும். 7200 எடுத்தா அது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எஸ்எஸ்டியில ஊசியே இல்ல, ஆயிரக்கணக்குல படிக்கும். பொரியுறது நிக்கணும்னா லைப்ரரி எஸ்எஸ்டிக்குப் போயாகணும், வேற மருந்து இல்ல.

அதுனால என் யோசனை: லைப்ரரிக்கு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ரெக்கார்டிங்குக்குப் புது 1 டிபி ஹார்ட் டிஸ்க். எட்டாயிரம் பத்தலைன்னா ஹார்ட் டிஸ்க்கை முதல்ல வாங்குங்க. ஸ்ட்ரிங்ஸ் ட்ராக்கை ஒவ்வொண்ணா ஃப்ரீஸ் பண்ணி (அதை ஆடியோ ஃபைலா மாத்தி) ஒரு சீசனை ஓட்டிரலாம், ரெக்கார்டிங் போனாத்தான் வராது.

கோரிப்பாளையம்_கீபோர்டு:
அக்கா, எல்லாத்தையும் ஒரே 1 டிபி எஸ்எஸ்டியில போட்டுட்டா வேலை முடிஞ்சுதே? எதுக்கு ரெண்டு?

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
காசு இருந்தா போடலாம். ஆனா ஒரே டிஸ்க்ல எல்லாம்ங்கிற அதே நிலைமைதான அது. எஸ்எஸ்டி சாகும்போது சத்தமும் போடாது, முன்னறிவிப்பும் பல நேரம் தராது. ஒருநாள் காலையில பயோஸ்லயே தெரியாது. ஹார்ட் டிஸ்க்காச்சும் இப்ப இவருக்குக் காட்டின மாதிரி மஞ்சள் காட்டும்.

ஸ்க்ரூடிரைவர்:
விலையும் இருக்குல்ல. 2025 கடைசியில இருந்து எஸ்எஸ்டி விலை ஏறிக்கிட்டே இருக்கு. ஏஐ கம்பெனிக மெமரியைப் பூரா அள்ளிட்டுப் போகுது. மைக்ரான்காரன் க்ரூஷியல் பேர்ல சில்லறை விக்கிறதையே நிறுத்துறேன்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டான். அதனால போன வருச விலையை மனசுல வச்சுக்கிட்டு கடைக்குப் போகாதீங்க.

எஸ்எஸ்டி எடுக்கும்போது உள்ள இருக்குற மெமரி டிஎல்சி வகையா க்யூஎல்சி வகையான்னு அட்டையில பாருங்க. க்யூஎல்சியில நெறைய ஒரே மூச்சா எழுதினா பாதியில படுத்துக்கும், ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகூடப் போகும். சாம்சங்ல 870 ஈவோன்னா டிஎல்சி, 870 க்யூவோன்னா க்யூஎல்சி, ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஈவோவுக்கு அஞ்சு வருசம் வாரண்டி, 500 ஜிபி மாடலுக்கு 300 டெராபைட் எழுதுற வரைக்கும் பொறுப்பு. உங்க லைப்ரரி ஒருதடவை எழுதி ஆயிரம் தடவை படிக்கிற சமாச்சாரம், அந்தக் கணக்கு உங்களை எட்டவே எட்டாது. அதனால டிராம் (எஸ்எஸ்டிக்குள்ள வர்ற தனி வேக மெமரி) இல்லாத மலிவு மாடல்கூட லைப்ரரிக்குப் போதும். பேர் தெரியாத கம்பெனி மட்டும் வேணாம். ஆயிரம் ரூவாய்க்கு 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டின்னு ஆன்லைன்ல வருமே, உள்ள பிரிச்சா மெமரி கார்டு இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? டிஸ்க்ல எழுதுற வரிசைக்கு ட்ராக்னு பேரு. சிஎம்ஆர்ல அது ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து வரிசையையும் பிரிச்சு மேயணும். எழுதி வச்சுட்டு எடுத்துப் பாக்குறதுக்குத் தாராளமாப் போதும். தினமும் வெட்டி ஒட்டி எழுதுற டிஸ்க்குக்கு வேணாம். டெஸ்க்டாப் 2 டிபி மாடல்கள்ல எஸ்எம்ஆர் நெறைய, அட்டையில எழுதியிருக்க மாட்டான், கடைக்காரருக்கும் தெரியாது. மாடல் நம்பரை வாங்கிக் கம்பெனி சைட்ல போட்டுப் பாத்துருங்க. 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) கம்பெனி, நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்குன்னு விக்கிற நாஸ் டிஸ்க்லயே சொல்லாம எஸ்எம்ஆர் போட்டது வெளிய வந்து பெரிய ரகளையாச்சு. அதுக்கப்புறம்தான் எது எதுன்னு வெளிப்படையாப் போட ஆரம்பிச்சாங்க. டபிள்யூடி புளூ 1 டிபியில 7200 சுத்துற 3.5 இன்ச் மாடல் சிஎம்ஆர், அது கிடைச்சா எடுங்க.

மேலூர்_மேளம்:
நடுவுல நுழையுறேன். நாங்க கோயில்லயே நேரா லேப்டாப்ல ரெக்கார்ட் பண்றோம். ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பைத் தவில் பக்கத்துல வச்சா ஏதாச்சும் ஆகுமா? சில நாள் ரெக்கார்டிங் தானா நின்னுருது.

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
ஆகும். 2008 கடைசியில சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த பிரெண்டன் கிரெக்னு ஒரு இன்ஜினியர், ஓடிக்கிட்டிருக்குற டிஸ்க் அடுக்குக்கு முன்னால போய் வாயால கத்திக் காட்டினார். கத்துற நேரத்துல மட்டும் டிஸ்க் பதில் சொல்ற நேரம் எகிறுச்சு. மனுசக் குரலுக்கே அப்படின்னா, நாலு அடி தூரத்துல ரெண்டு தவிலும் பம்பையும் உருட்டினா சொல்லவா வேணும். மேடைப் பலகை மேல வைக்காதீங்க, தரையில தனி ஸ்டூல்ல வைங்க. முடிஞ்சா வெளியூருக்கு எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்தான் போகணும். ஜெனரேட்டர் கரண்ட்டா இருந்தா லேப்டாப் பேட்டரி நல்லா இருக்குதான்னும் பாத்துக்கங்க.

உசிலை_ஒலி:
காப்பி முடிஞ்சுதுக்கா. ரெண்டு ஃபைல் மட்டும் வரல. ஒண்ணு ஏதோ பழைய எம்பி3, போனாப் போகுது. இன்னொண்ணு கருப்பசாமி கோயில் பாட்டுல ரெண்டாவது நாதஸ்வரத்தோட மைக். மத்த ஏழு மைக்கும் முழுசா இருக்கு. தவில் மைக்ல நாதஸ்வரம் நல்லாவே கசிஞ்சு கேக்குது, அதை ஈக்யூ பண்ணி மேல இழுத்தா ஒப்பேத்தலாம்னு தோணுது.

டிஸ்க் விசயம்: ஹார்ட் டிஸ்க் சிஎம்ஆர்தான், மாடல் நம்பர் போட்டுப் பாத்துட்டுதான் வாங்கினேன். எஸ்எஸ்டி 500 ஜிபி டிஎல்சி, டிராம் இல்லாதது. எட்டாயிரத்தைத் தாண்டிருச்சு, மச்சான்கிட்ட கடன். நாலு ட்ராக் ஸ்ட்ரிங்ஸும் கொயரும் போட்டு ஓட்டினேன், டிஸ்க் மீட்டர் அசையவே இல்ல.

ஒரு சந்தேகம். புது ஹார்ட் டிஸ்க்ல கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு ப்ளே அமுக்கினா ரெண்டு மூணு செகண்ட் திணறுது. இதுவும் போகப்போகுதா?

ஸ்க்ரூடிரைவர்:
பயப்படாதீங்க, அது விண்டோஸ் வேலை. பவர் ஆப்ஷன்ல இருபது நிமிசம் சும்மா இருந்தா டிஸ்க்கை நிறுத்திருன்னு வச்சிருப்பான். அட்வான்ஸ்டு செட்டிங்ல 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க்'கை பூஜ்யம் ஆக்குங்க. ப்ளான் ஹை பெர்ஃபார்மன்ஸ்ல இருக்கட்டும்.

எல்லீஸ்நகர்_மிக்ஸ்:
கான்டாக்ட்ல ப்ரீலோடு பஃபர் (ஸ்வரத்தோட ஆரம்பத்தை எவ்வளவு ராம்ல வைக்கணும்ங்கிற அளவு) 60 கேபியில இருக்கும். லைப்ரரி எஸ்எஸ்டியில இருக்குறதால அதைப் பாதிக்கும் கீழ குறைச்சுப் பாருங்க, ராம் நெறைய மிச்சமாகும். பொரிஞ்சா கொஞ்சம் ஏத்திக்கங்க.

அப்புறம் மச்சான் போர்ட்டபிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ரெண்டாவது காப்பியும் கூடவே போயிரும், பாத்துக்கங்க. மதுரை வரும்போது ஒரு 1 டிபி போர்ட்டபிள் எடுத்துருங்க, அது எஸ்எம்ஆரா இருந்தாலும் பரவால்ல. ஒவ்வொரு ரெக்கார்டிங் முடிஞ்சதும் காப்பி போட்டுட்டு கழட்டி, ஸ்டுடியோவுல வைக்காம வீட்டு பீரோவுல வைங்க. மாட்டியே வச்சிருந்தா இடி இறங்கும்போது ரெண்டும் சேந்து போகும்.

உசிலை_ஒலி:
சரிக்கா. பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சுக்குப் போடலாமா? கடையில முந்நூறு ரூவா தர்றேங்கிறாங்க.

ஸ்க்ரூடிரைவர்:
அந்த ஒரு மைக் ஃபைல் வேணும்னா, கெட்ட டிஸ்க்லருந்து முடிஞ்சதை மீட்டெடுக்குற டிடிரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர் போட்டு ஒருக்கா முயற்சி பண்ணலாம், அதுவரைக்கும் கொடுக்காதீங்க. லினக்ஸ் பென்டிரைவ் ஒண்ணு போதும், ஆனா ராத்திரி பூரா ஓடும், யூபிஎஸ் இருக்கணும். புது டிஸ்க் பில்லை இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. அந்த வழவழ பேப்பர்ல அடிச்ச எழுத்து ஒரு வெயில் காலம் தாண்டாது, வாரண்டிக்குப் போனா வெள்ளைத் தாளைத்தான் நீட்டணும்.