960 டிகிரிக்குப் போய் வந்ததும் பிளாட்டினம் தெர்மாமீட்டரின் தடை ஏறுகிறது, என்ன செய்வது?

உலைக்காரன்:
வெள்ளி உறையும் 961.78 டிகிரி செல்சியஸ் வரை அளக்க, 2.5 ஓம் பிளாட்டினம் தெர்மாமீட்டர் ஒன்றை (கம்பியின் மின்தடையை வைத்து வெப்பநிலை சொல்வது) நானே கட்டினேன். குவார்ட்ஸ் சட்டத்தில் சுற்றிய கம்பி, மேலே குவார்ட்ஸ் உறை. உலையில் வைக்கும் முன் நீரின் மும்மைப் புள்ளியில் (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் 0.01 டிகிரி) 2.50012 ஓம். 960-ல் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, மறுபடி அதே புள்ளியில் பார்த்தால் 2.50034. ஏறக்குறைய 22 மில்லிகெல்வின், அதாவது 0.022 டிகிரி! கம்பி போச்சா? புதிதாக வாங்கக் காசில்லை.

பழைய ஓம்:
உலையிலிருந்து எப்படி வெளியே எடுத்தீர்கள்?

உலைக்காரன்:
நேராக உருவி ஸ்டாண்டில் மாட்டினேன் அண்ணா. உறை செக்கச்செவேல் என்று இருந்தது.

பழைய ஓம்:
அதுதான் வினை. அந்தச் சூட்டில் பிளாட்டினப் படிகத்துக்குள் அணு இல்லாத வெற்றிடங்கள் நிறைய இருக்கும். சட்டென்று குளிர்ந்தால் அவை உள்ளேயே மாட்டிக்கொண்டு தடையை ஏற்றும். மறுபடி 960-க்குக் கொண்டுபோய், மணிக்கு 100 டிகிரி வீதம் 450 வரை இறக்குங்கள். அப்புறம் வெளியே எடுக்கலாம். அஞ்சு மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தடை இறங்காவிட்டால் அழுக்கு ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். 1871-ல் பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் காட்டிய பிளாட்டினம் தெர்மாமீட்டருக்கும் தடை மாறித்தான் பேர் கெட்டது. கம்பியைச் சுத்தமாக வைத்தால் நம்பலாம் என்று 1887-ல் ஹ்யூ காலண்டர் என்ற இயற்பியலாளர் காட்டினார்.

குவார்ட்ஸ் தம்பி:
உறையை வெறுங்கையால் தொட்டீர்களா? விரல் உப்பு பட்ட இடம் சூட்டில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆல்கஹாலில் துடைத்துவிட்டு வையுங்கள். இன்னொன்று, 960-ல் குவார்ட்ஸே லேசாக மின்சாரத்தைக் கசியவிடும். அங்கே உங்கள் கம்பி சுமார் 10.7 ஓம். கசிவுத் தடை 10 மெகாஓம் என்றால் ஒன்றரை மில்லிகெல்வின் குறைத்துக் காட்டும். அடுத்ததை 0.25 ஓமில் கட்டினால் பிழை பத்தில் ஒரு பங்கு. ஆனால் அவ்வளவு சின்னத் தடையை அளக்க நல்ல பிரிட்ஜ் (தடையை நுட்பமாக அளக்கும் கருவி) வேண்டும்.

உலைக்காரன்:
சொன்னபடி இறக்கினேன். 2.50015. மிச்சம் 3 மில்லிகெல்வின் மட்டும் அசையவில்லை.

பழைய ஓம்:
உலைக்குள் தெர்மாமீட்டரைச் சுற்றி என்ன பிளாக்?

உலைக்காரன்:
நிக்கல் கலவை.

பழைய ஓம்:
சரி, அந்த உலோக ஆவி குவார்ட்ஸைத் தாண்டி உள்ளே போகும். நடுவில் பிளாட்டினத் தகடு சுற்றுங்கள், இல்லையென்றால் அலுமினா பிளாக்குக்கு மாறுங்கள். காலியம் புள்ளியிலும் (காலியம் உலோகம் உருகும் 29.76 டிகிரி) அளந்து, மும்மைப் புள்ளித் தடையால் வகுத்துப் பாருங்கள். சுத்தப் பிளாட்டினத்துக்குக் குறைந்தபட்சம் இருக்கவேண்டிய 1.11807-க்குக் கீழே வந்தால் கம்பியை மாற்றத்தான் வேண்டும்.