பெக்கி ஆஷ்கிராஃப்ட்: மேடையில் அவர் எப்படிப்பட்டவர்?

கேள்வி: ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) படத்தில், நிலவொளியில் மசூதிக்குள் நிற்கும் ஆங்கிலேய மூதாட்டி மிஸஸ் மூர், காலணிகளை முன்பே கழற்றிவிட்டதாக இந்திய மருத்துவர் அஜீஸிடம் அமைதியாகச் சொல்லும் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அவ்வேடத்துக்காக 77 வயதில் ஆஸ்கர் பெற்ற ஆங்கிலேய நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்டின் நாடக வாழ்க்கையைப் பற்றி அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1: 1907இல் லண்டனை அடுத்த கிராய்டனில் பிறந்தவர். 1930இல் லண்டன் சவாய் அரங்கில், ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் கறுப்பின நடிகர் பால் ராப்சன் ஒத்தெல்லோவாக நடிக்க, இவர் அவன் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தார். வெள்ளையினப் பெண் கறுப்பினத்தவருடன் அவ்வேடம் ஏற்பதைப் பலர் வெறுத்த காலம் அது என்பதால், அந்தத் துணிவை நான் ஆஸ்கரைவிட மேலாக மதிக்கிறேன். 1935இல் நடிகர்கள் ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ வேடத்தை மாறிமாறி ஏற்றபோது, ஜூலியட் இவரே.

மறுமொழி 2: 1963இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ என்ற, ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைத் தொகுத்து மேடையேற்றிய தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதைக் கடந்த வயதில், அரசி மார்கரெட்டின் இளமையிலிருந்து சபித்துத் திரியும் முதுமைவரை முழு வாழ்வையும் அவர் ஒருவரே நடித்துக் காட்டினார்.

மறுமொழி 3: தொலைக்காட்சியில் ‘தி ஜூவல் இன் தி கிரவுன்’ (1984) தொடரைத் தவறாமல் பாருங்கள். தனிமையில் நிலைகுலையும் மதப்பணியாளர் பார்பி பாட்ச்லராக அவர் பேசும் பேச்சு, வரவர மௌனமாக அடங்கிப்போவதைக் கவனியுங்கள்.