சராசரித் தொடர்பைக் கொண்டு தொற்றுப் பரவலைக் கணிக்க முடியுமா?

குடியாத்தத்து மாணவன்:
முதுகலைக் கணிதத் திட்டக் கட்டுரைக்காக, எங்கள் ஊர்த் தெருவைப் போன்ற நூறு பேர் கொண்ட ஒரு வலையமைப்பைக் கற்பனையாக அமைத்தேன். வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோர், அவர்களின் வீட்டார் என 90 பேருக்கு ஆளுக்கு 4 தொடர்புகள். சுற்றிய பீடியை எண்ணி வாங்குபவர், மளிகைக் கடைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் போன்ற 10 பேருக்கு ஆளுக்கு 40. சராசரி 7.6 வருகிறது. ஒரு தொடர்பின் வழியே தொற்று கடக்கும் வாய்ப்பு 0.1 என்றால், ஒருவரிடமிருந்து 0.76 பேருக்குத்தான் பரவும். இது ஒன்றுக்கும் குறைவு என்பதால் நோய் தானே அடங்க வேண்டும். கணினியில் ஓட்டினாலோ, சில முறை அடங்கினாலும் வேறு சில முறை கால்வாசித் தெருவைப் பிடித்துவிடுகிறது. பிழை எங்கே?

காட்பாடி கணக்கு ஆசிரியர்:
நிரலில் பிழை இல்லை, தம்பி. சராசரியை நம்பியதுதான் பிழை. தொற்றுப் பரவலுக்குக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927-இல் தந்த கணித மாதிரியில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே சீராகக் கலக்கிறார்கள். வலையமைப்பிலோ தொற்று ஒருவரை ஓர் இணைப்பின் வழியாகத்தான் வந்தடைகிறது. ஆகவே இணைப்பு அதிகம் உள்ளவரிடமே அது அதிகம் போய்ச் சேரும். உங்கள் தெருவில் இணைப்பு முனைகள், அதாவது எல்லாருடைய தொடர்புகளின் கூட்டல், 760. அவற்றில் 400 அந்தப் பத்துப் பேருடையவை. ஒவ்வொருவரின் தொடர்பு எண்ணையும் வர்க்கப்படுத்தி எடுத்த சராசரியான 174.4-இலிருந்து 7.6-ஐக் கழித்து 7.6-ஆல் வகுத்தால் 21.9; இணைப்பு வழியே தொற்று வந்தடைந்தவருக்கு, அது வந்த இணைப்பு போக, சராசரியாக எஞ்சும் தொடர்புகள் இவை. அதை 0.1-ஆல் பெருக்கினால் 2.19. முதல் நோயாளிக்கு உங்கள் 0.76 சரிதான்; அவரிடமிருந்து தொற்றியவர் முதற்கொண்டு 2.19. பிடிபட்ட கால்வாசியில் அந்தப் பத்துப் பேர் ஏறக்குறைய முழுதாக இருக்கிறார்களா என்று பாருங்கள்.

தோட்டப்பாளையம், சுகாதாரப் பணி:
ஆசிரியர் ஐயா காட்டிய அதே கணக்கு தடுப்பூசிக்கும் உதவும். குருட்டாம்போக்கில் ஒருவரைத் தேர்ந்தால் அவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு 10 விழுக்காடு. அவரையே தமக்குப் பழக்கமான ஒருவரைக் காட்டச் சொல்லி, காட்டப்பட்டவருக்கு ஊசி போட்டால் அவ்வாய்ப்பு 760-இல் 400, ஏறக்குறைய 53 விழுக்காடு. கோஹன், ஹாவ்லின், பென்-ஆப்ரகாம் ஆகிய ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த இம்முறைக்கு வலையமைப்பின் வரைபடமே தேவையில்லை. யார் யாரோடு பழகுகிறார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆற்காட்டுக்காரர்:
ஓர் எச்சரிக்கை. 21.9 என்பது இணைப்புகள் தற்செயலாக அமைந்தால்தான் பொருந்தும். ஒரே வீட்டில் ஐவர் இருந்தால் ஒருவருடைய தொடர்புகளே மற்றவருடைய தொடர்புகளும்; தொற்று அங்கேயே சுற்றி வீணாகும். கடையில் சில்லறை வாங்கும் நேரத்துக்கும் ஒரே அறையில் இரவு முழுதும் படுத்திருப்பதற்கும் ஒரே 0.1 எப்படிப் பொருந்தும்?

மெக்கென்ட்ரிக்கே இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்றியவர். இந்தியக் கிராமம் ஒன்றின் காலராக் கணக்கை 1926-இல் அலசினார். 223 வீடுகளில் 168-இல் நோயே இல்லை. நோய் கண்ட வீடுகளில் எத்தனை வீட்டில் ஒருவர், எத்தனையில் இருவர் என்று நோயாளர் எண்ணிக்கை பரவிய போக்கை மட்டும் கொண்டு, சுமார் 93 வீட்டார்தாம் கெட்ட கிணறு ஒன்றிலிருந்து தண்ணீர் குடித்திருப்பார்கள் என்று அவர் மதிப்பிட்டார். உங்கள் தெருவில் நாற்பது தொடர்புள்ளவர் இருக்கும் இடத்தில் அங்கே இருந்தது மனிதரல்ல, கிணறு.

குடியாத்தத்து மாணவன்:
ஐயா சொன்னபடி பார்த்தேன். பரவிய ஓட்டங்களில் பெரும்பாலும் பத்தில் ஒன்பது பேர் அகப்பட்டிருக்கிறார்கள். இனி வீட்டுக்குள் ஒரு வாய்ப்பு, வெளியே ஒரு வாய்ப்பு என்று பிரித்து ஓட்டுகிறேன். பீடி வாங்குபவரிடம் வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறார்கள் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.